இல்லாத ரயிலில் வந்த தம்பி: ஓயாமல் பொய் சொல்கிறவர்களோடு பழகுவது எப்படி?

[காட்சி: விடியற்காலை. கடலூர் பேருந்து நிலையம். புதுச்சேரி பஸ்ஸில் ஆட்கள் ஏறுகிறார்கள்.]

வணக்கம். கடலூரில் குடியிருந்துகொண்டு தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் வேலை பார்க்கிற ஏராளமான பேரில் நானும் ஒருத்தி. ஒரு நாள் எங்கள் ஆபீஸில் பக்கத்து மேஜைத் தம்பி அரை மணி நேரம் தாமதமாக வந்தார். "என்ன தம்பி, பஸ் கிடைக்கலையா?" என்று கேட்டேன். "இல்லக்கா, இன்னிக்கு ட்ரெயின்ல வந்தேன், அதான் லேட்டு" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நேர் ரயில் பாதை கிடையாது. ரயிலில்தான் வருவேன் என்றால் விழுப்புரம் போய்ச் சுற்றி வர வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். பஸ் லேட் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள்.

அப்படியென்றால் அந்தப் பொய் எதற்கு? அன்றைக்கு மனதில் விழுந்த இந்தக் கேள்விதான் இந்த வீடியோ. அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லமாட்டேன். இதைப் பேசுவதற்கு அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

[திரையில் வரிசையாக: புளுகு, ரீல், பீலா, உடான்ஸ், புருடா, கதை]

பொய்க்கு நம்மிடம் எத்தனை பெயர் பாருங்கள். ரீல் விடுகிறான், பீலா விடுகிறான், அளந்து விடுகிறான். எல்லாவற்றிலும் 'விடுதல்' வருகிறது, பட்டம் விடுகிற மாதிரி. பெரும்பாலான பொய்களுக்கு ஒரு வேலை இருக்கும். கடன்காரரிடம் "நாளைக்குத் தர்றேன்" என்பது நேரம் வாங்குகிற பொய். குழம்பில் உப்பு கூடிப்போனாலும் "நல்லாருக்கு அத்தை" என்பது மனம் நோகாமல் இருக்கச் சொல்கிற பொய். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பிடுங்குவது மோசடி. அங்கே பொய் ஒரு கருவி, குறி உங்கள் பணம். அதற்குப் போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன்.

நான் பேசுவது நான்காவது வகை. லாபம் இல்லாத இடத்திலும் வருகிற பொய். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதில் பொய். இட்லி சாப்பிட்டுவிட்டுப் பொங்கல் என்பார்கள். பிடிபட்டால் வெட்கம், அவமானம், ஆனாலும் மறுநாள் மறுபடி. இந்த வீடியோவில் இதைப் பழக்கப் பொய் என்று அழைக்கிறேன்.

மருத்துவ உலகம் இதை ரொம்ப காலமாகவே கவனித்து வருகிறது. 1891-ல் ஆன்டன் டெல்ப்ரூக் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் இதற்கு 'சூடோலோஜியா ஃபென்டாஸ்டிகா' என்று பெயர் வைத்தார். பொய்யும், தன்னைத் தானே நம்பவைத்துக்கொள்வதும் கலந்து கிடக்கிற கதை என்பது அவருடைய கவனிப்பு. இத்தனை ஆண்டுகள் ஆகியும், மனநோய்களைப் பட்டியலிடுகிற, உலகம் முழுக்க மருத்துவர்கள் புரட்டுகிற டி.எஸ்.எம். கையேட்டில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. வேறு சில மனநலக் கோளாறுகளின் அறிகுறிகளில் ஒன்றாகப் பொய் வருகிறது, அவ்வளவுதான். அதனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து "இவருக்கு அந்த வியாதி" என்று நாமே முத்திரை குத்த வேண்டாம்.

[காட்சி: ஓடும் பஸ்ஸின் உட்புறம். மூன்று இருக்கைகள் மட்டும் நிறம் மாறுகின்றன.]

எல்லோரும்தான் பொய் சொல்கிறோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆயிரம் பேரிடம், கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். பத்தில் ஆறு பேர் ஒன்றுகூட இல்லை என்றார்கள். மொத்தப் பொய்களில் ஏறக்குறையப் பாதியைச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். அவரவர் வாயால் சொன்ன கணக்கு என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் அறுபது பேர் உட்கார்ந்த ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த பஸ்ஸின் பாதிப் பொய்யை மூன்று பேர் சுமந்துகொண்டு போகிறார்கள்.

அந்தச் சிலரைத் தேடிப் போனவர்கள் ட்ரூ கர்ட்டிஸ், கிறிஸ்டியன் ஹார்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள். 2020-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பத்துப் பொய் சொல்வதாகத் தெரியவந்தது. பெரும்பாலானவர்களுக்கு இது பத்து வயதிலிருந்து இருபதுக்குள் ஆரம்பித்திருக்கிறது. என்னை யோசிக்கவைத்தது இன்னொரு விஷயம். இதனால் அவர்களுக்கே மன உளைச்சல், வேலையிலும் உறவிலும் சேதம். ஏமாற்றிச் சந்தோஷப்படுகிறவர்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழக்கம் எப்படி ஊறுகிறது? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் எவ்வளவு சில்லறை இருக்கிறது என்று கூட்டாளிக்குச் சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னால் தனக்கு லாபம். மூளையை ஸ்கேன் செய்துகொண்டே பார்த்தபோது, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி முதல் பொய்யில் நன்றாகவே அசைந்தது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அந்த அசைவு குறைந்தது, பொய்யின் அளவு கூடியது. புதுச் செருப்பு முதல் நாள் கடிக்கும், பிறகு அது காலில் இருப்பதே தெரியாது. கிட்டத்தட்ட அது மாதிரி.

சரி, முகத்தைப் பார்த்தே பிடித்துவிடலாமா? "கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்று நம் வீடுகளில் கேட்காத அம்மா உண்டா? 75 நாடுகளில் விசாரித்த ஓர் ஆய்வில், பொய் சொல்கிறவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்பதுதான் எங்கும் பரவலாக இருக்கிற நம்பிக்கை என்று தெரிந்தது. நம்பிக்கைதான், உண்மை அல்ல. 2006-ல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பேச்சையும் முகத்தையும் மட்டும் வைத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் வெற்றி 100-க்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அதிலும் நம் ஊரில் பெரியவர்கள் முன்னால் தலைகுனிந்து பேசுவது மரியாதை. கண்ணைப் பார்க்காத பிள்ளையைத் திருடன் என்று அடித்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். மனசு பதறுகிறது. தயவுசெய்து அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். பொய் பிடிபடுவது முகத்தில் இல்லை, செய்தியில். நேர் ரயில் இல்லாத வழியில் ரயில் என்றால், ரயில் பாதையைப் பார்த்தால் போதும்.

[சிறு இடைவெளி. கடல் அலைச் சத்தம்.]

இப்போது நான் செய்த தவறு.

அந்தத் தம்பியிடம் ஒரு தானே புயல் கதை உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்த அந்தப் புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அன்று தேவனாம்பட்டினத்திலிருந்து மாமாவோடு படகில் போய் நாலு பேரைக் காப்பாற்றியதாகச் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஆள் எண்ணிக்கை கூடும். புயல் கூண்டு ஏற்றிய பிறகு அந்தக் காற்றில் படகை இறக்க எந்த மீனவருக்கும் பைத்தியமில்லை. அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேஜையில், எல்லோர் முன்னாலும் நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்தார்கள். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருந்ததாகச் சொன்னார். அதுவும் பொய். ஒரு பொய்யை உடைத்து அதைவிடப் பெரிய பொய்யை நானே விளைவித்திருந்தேன். நாலு பேர் நடுவில் மூலையில் தள்ளப்பட்டவருக்கு வெளியே வர ஒரே வழிதான் தெரியும், இன்னொரு கதை. அன்றிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட முறை இது: கேட்பதானால் தனியாகக் கேட்பேன், அதுவும் முக்கியமானதை மட்டும்.

கொஞ்ச நாள் கழித்து அவர் வீட்டில் ஒரு விசேஷம், முதுநகர் போயிருந்தேன். அவர் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஆபீஸ்லயும் கதை சொல்றானாம்மா?" என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவரே சொன்னார். புயலன்று பையன் காடாம்புலியூர் பக்கத்தில் தாத்தா வீட்டில் இருந்தான். தாத்தாவின் முந்திரித் தோப்பு ஒரே காலையில் வேரோடு சாய்ந்தது. "அவன் அதைப் பத்தி மட்டும் வாயே திறக்கமாட்டான்மா. ஊர்ல இல்லாத கதையெல்லாம் சொல்லுவான்."

பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் அன்றைக்கு எப்படி விழுந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு. சொல்வதற்கு இவ்வளவு பெரிய உண்மை கையில் இருக்கும்போது ஏன் இல்லாத படகு? அந்தத் தம்பி விஷயத்தில் என் முடிவு இதுதான்: தன் வாழ்க்கையை அப்படியே சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். பிரான்ஸில் இருக்கிற பெரியப்பா பையனோடு ஒப்பிட்டுப் பேசியே வளர்த்தோம் என்று அம்மாவும் சொன்னார். அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் இதே காரணம் என்றும் சொல்லமாட்டேன்.

[காட்சி: திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கைகள்.]

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதனால் வீடுகளில் அநியாயம் நடக்கிறது. சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகாத பாட்டி, "மருமக சோறே போடலை" என்று வாசலில் போவோர் வருவோரிடம் சொல்வார். மருமகள் அழுவார். மகன் கத்துவார். அது பொய் அல்ல. மறதி நோயில் நினைவில் ஓட்டை விழும், அந்த ஓட்டையை மூளை கிடைத்ததை வைத்து அடைத்துவிடும். நீண்ட காலக் குடிப்பழக்கத்தில் பி1 வைட்டமின் குறைந்துபோய் மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கும் இப்படி நடக்கும். சொல்கிறவருக்கு அது நூறு சதவீதம் உண்மை. அவர்களோடு வாதாடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தை "எங்க வீட்ல யானை இருக்கு" என்றால் அதற்கும் பயப்பட வேண்டாம்.

பழக்கப் பொய்யர் ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். வெளியில் கேட்கிறவர் கேட்டுவிட்டுப் போய்விடுவார். மனைவி அப்படிப் போக முடியாது. சீட்டுப் பணம் கட்டியாச்சு என்றார், கட்டவில்லை. நகை லாக்கரில் என்றார், அடகுக் கடையில் இருக்கிறது. கொஞ்ச காலத்தில் நமக்கு நம் நினைவின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது, நான்தான் தப்பாகக் கேட்டேனோ என்று. அவர்களுக்கு நான் சொல்வது: பணம், மருந்து, பிள்ளைகளின் பாதுகாப்பு, இந்த மூன்றிலும் வாய்ச்சொல்லை வைத்து எதையும் செய்யாதீர்கள். ரசீதைப் பாருங்கள், பாஸ்புக்கைப் பாருங்கள். ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். "எனக்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று உங்களையும் சாட்சியாக இழுத்தால் மறுத்துவிடுங்கள். சரிபார்ப்பது துரோகம் அல்ல. தாங்க முடியாமல் போனால் விலகி நிற்பதும் தப்பில்லை.

மற்ற சின்னப் பொய்களைப் பொறுத்தவரை, கதைக்கு இடம் கொடுக்கிற கேள்வியைக் குறைத்தாலே பாதி குறைகிறது. "ஏன் லேட்?" என்று நான் கேட்பதில்லை. "வந்துட்டீங்களா, சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உண்மை என்று தெரிந்த சின்ன விஷயத்தைச் சொல்லும்போது உட்கார்ந்து கேட்கிறேன். பொய் வரும்போது ஆகா என்பதும் இல்லை, சண்டை போடுவதும் இல்லை.

பொய்யை நிறுத்த மாத்திரை கிடையாது. ஆனால் அதற்கு அடியில் மனச்சோர்வோ பதற்றமோ குடியோ சூதாட்டமோ இருந்தால் அதற்கு சிகிச்சை உண்டு, பேச்சு வழியிலான மனநல ஆலோசனையும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம். பொய் சொல்கிறவர் பேசாவிட்டாலும் பாதிக்கப்பட்ட நீங்கள் பேசலாம்.

[காட்சி: மாலை மழை. மரப்பாலம் தாண்டிக் கடலூர் போகும் பஸ். ஜன்னலில் வழியும் தண்ணீர்.]

போன ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. நானும் அவரும் ஒரே பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். "காத்து அடிக்குது, தானே மாதிரி" என்று முன் சீட்டில் யாரோ சொன்னார்கள். படகுக் கதை வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. அரியாங்குப்பம் போனது, தவளக்குப்பம் போனது. கிருமாம்பாக்கம் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "படகெல்லாம் இல்லக்கா."

நான் ஒன்றும் பேசவில்லை.

"காத்து நின்னதும் தாத்தா துண்டைத் தலையில கட்டிக்கிட்டுத் தோப்புக்குப் போனாருக்கா. நானும் பின்னாலயே போனேன். விழுந்த மரத்தையெல்லாம் ஒண்ணு ஒண்ணா தொட்டுக்கிட்டே வந்தாரு. இது உங்க பாட்டி வச்சது, இது உங்கம்மா பொறந்தப்ப வச்சதுன்னு..."

மஞ்சக்குப்பம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.