படியேற வைப்பதுதான் வசதியா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். தில்லி குதுப்மினாரைப் புதுப்பிக்கும்போது அதன் உட்படிகளைப் பார்வையாளர்களுக்கு மீண்டும் திறந்துவிட வேண்டுமா என்பதே இன்றைய வழக்கு. வேண்டாம் என்று வாதிட வந்திருக்கிறேன். மக்களை வாசலிலேயே நிறுத்திவைக்க நினைப்பவர்கள் என்று எங்கள் அணியைப் பற்றி எதிரணித் தலைவர் சொல்லிவிட்டுப் போனார். பார்வையாளருக்கு வசதி செய்வதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த வசதி கோபுரத்தின் அடிவாரத்தில் அமையட்டும், அதன் உட்புறத்தைத் தொட வேண்டாம் என்கிறோம்.

உட்புறம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். 72.5 மீட்டர் உயரமுள்ள இந்தக் கோபுரம் அடியில் 14.32 மீட்டர் விட்டமும் உச்சியில் வெறும் 2.75 மீட்டர் விட்டமும் கொண்டது. அதற்குள் 379 படிகள் சுழன்று ஏறுகின்றன. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அந்த ஒரே படிக்கட்டுதான். 1981 டிசம்பர் 4 அன்று மின்சாரம் நின்று உள்ளே இருள் சூழ்ந்தபோது ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் உயிரிழந்தார்கள்; அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். அதன் பிறகே படிக்கட்டு பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

"அது அந்தக் காலம்; இன்று மின்கலத்தில் எரியும் விளக்குகள் இருக்கின்றன, கண்காணிப்புக் கேமராக்கள் இருக்கின்றன" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். விளக்கு அணைந்தது பீதியைத் தொடங்கிவைத்தது, உண்மை. ஆனால் தப்பிக்க இன்னொரு வழி இல்லாமற்போனதற்குக் காரணம் கோபுரத்தின் அமைப்பு. எண்ணூறு ஆண்டுப் பழமையான சுவரைக் குடைந்து இரண்டாவது வாசல் வைக்கலாம் என்று எதிரணியினரே சொல்லமாட்டார்கள் என நம்புகிறேன்.

அடுத்து, மக்கள் ஏறிப் பார்க்கும் பைசா சாய்கோபுரத்தைச் சாட்சிக்கு அழைத்தார்கள். நல்ல சாட்சிதான், ஆனால் எங்கள் பக்கத்துச் சாட்சி. 1989இல் இத்தாலியின் பாவியா நகரில் ஒரு பழங்கோபுரம் இடிந்து நான்கு பேர் இறந்த பின், 1990 ஜனவரியில் பைசாவை மூடினார்கள். சாய்வைக் குறைக்க, உயர்ந்து நின்ற பக்கத்தில் அடித்தளத்துக்குக் கீழிருந்து சிறுகச் சிறுக மண்ணை எடுத்து, கோபுரம் தன் எடையாலேயே சற்று நிமிரும்படி செய்து, 2001 டிசம்பரில்தான் மீண்டும் திறந்தார்கள். அங்கே நடு அடுக்குகளைச் சுற்றித் திறந்த தூண் வரிசை இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் உண்டு. அப்படியிருந்தும் நேரம் குறித்து, எண்ணிக்கை குறித்துத்தான் ஆட்களை விடுகிறார்கள். எட்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அனுமதியே இல்லை. உயரம் குறைந்த, திறந்த அமைப்புள்ள கோபுரத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது என்றால், உயரம் கூடிய, மூடிய சுவர் கொண்ட கோபுரத்துக்கு அதை எப்படி முன்மாதிரி ஆக்குவது?

"ஏறுவதற்காகக் கட்டப்பட்டதுதானே?" என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். தொழுகைக்கு அழைக்க ஒருவர் ஏறியிருப்பார், காவலுக்குச் சிலர் ஏறியிருப்பார்கள்; சுற்றுலாப் பேருந்துகளில் வந்திறங்கும் கூட்டத்தை மனத்தில் வைத்து யாரும் அந்தப் படிகளைச் செதுக்கவில்லை.

இனிப் புதுப்பித்தலுக்கு வருவோம். குத்புதீன் ஐபக் தொடங்க, இல்துத்மிஷ் உயர்த்திய இந்தக் கோபுரம் 1368இல் இடி விழுந்து சேதமுற்றபோது, பிரோஸ் ஷா துக்ளக் அதன் மேற்பகுதியை வெள்ளைச் சலவைக்கல்லும் சிவப்பு மணற்கல்லும் கலந்து கட்டினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே அது தெரியும். முதல் அடுக்கின் வெளிச்சுவரில் நெடுக ஓடும் கூர்முனைப் புடைப்பும் உருண்டைப் புடைப்பும் மாறிமாறி வருகின்றன. இரண்டாவதில் உருண்டை மட்டும், மூன்றாவதில் கூர்முனை மட்டும். அதற்கு மேலே நிறமே மாறி, கல் வழவழப்பாகிவிடுகிறது. எது பழையது, எது பிற்காலத்தது என்பதைக் கல்லே பிரித்துக் காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான கதையும் அதே வளாகத்தில் உண்டு. 1803 நிலநடுக்கத்தில் சேதமடைந்த கோபுரத்தைப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித் 1828இல் சீர்செய்தார். உச்சியில் என்ன இருந்தது என்பதற்குத் தெளிவான சான்று இல்லாத நிலையில், வங்காளப் பாணியில் ஒரு கல் மண்டபத்தைத் தம் விருப்பப்படி ஏற்றி வைத்தார். பொருந்தாத அந்த முடியை 1848இல் கீழே இறக்கினார்கள். 'ஸ்மித்தின் மடமை' என்ற பெயரோடு அது இன்றும் புல்தரையில் உட்கார்ந்திருக்கிறது. பாவம், நல்லெண்ணத்தில் செய்தவர்தான். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடக் கனமான சாட்சியத்தை என்னால் இந்த அவைக்குத் தூக்கிவர முடியாது.

பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான உலகளாவிய விதித்தொகுப்பான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தையும் எதிரணியினர் படித்துக் காட்டினார்கள். நினைவுச்சின்னம் சமூகத்துக்குப் பயன்படுவது அதன் பாதுகாப்புக்கு உதவும் என்ற வரியோடு தாளை மடித்துவிட்டார்கள். கட்டடத்தின் அமைப்பையோ அலங்காரத்தையோ அந்தப் பயன்பாடு மாற்றக் கூடாது என்று அதே விதி தொடர்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்கிறது இன்னொரு விதி.

அப்படியானால் பார்வையாளருக்கு என்னதான் தருவீர்கள் என்று கேட்பீர்கள். படிக்கட்டின் ஒரு சுற்றை உண்மையான அளவிலேயே தனிக்கூடத்தில் கட்டி, முதியவரும் குழந்தையும் பயமின்றி நுழைந்து பார்க்கச் செய்யலாம். பார்வையற்றவர்கள் விரலால் தடவி அந்தப் புடைப்புகளின் வேறுபாட்டை உணரும்படி கல்லிலேயே ஒரு மாதிரி வடிக்கலாம். கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஓடும் எழுத்துப் பட்டைகளைப் பெரிதாக்கி, பொருளோடு கீழே வைக்கலாம். சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லச் சாய்தளமும், தில்லி வெயிலுக்கு நிழலும், குடிநீரும் போதிய அளவில் வேண்டும். கோபுரத்துக்குச் செய்ய வேண்டியது, மழைநீர் புகும் இணைப்புகளைச் சிமெண்டால் பூசி மூடாமல், கல்லுக்கு இசைந்த சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துத் தொடர்ந்து கண்காணிப்பதுதான்.

மேலே நின்று தில்லியைப் பார்க்கும் காட்சிக்கு இவையெல்லாம் ஈடாகா என்பார்கள். ஈடாகாதுதான், அந்த இழப்பை நாங்கள் தெரிந்தே ஏற்கிறோம். எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். நடுப்படியில் ஒரு குழந்தை தடுக்கி விழுந்தால், அதற்கு மேலே நிற்பவர்களை நீங்கள் எந்த வழியாக வெளியே கொண்டுவருவீர்கள்? நன்றி, வணக்கம்.