ஊரில் ஒரே ஒரு டாக்டர் வீடு: நார்த் டாட்டன், 1839

வணக்கம் நண்பர்களே! பழைய இங்கிலாந்து கிராமம் என்றதும் நமக்குக் கண்ணில் வருவது ஒரு பிரபுவின் மாளிகை, அதைச் சுற்றிக் கூலிக்காரர்களின் குடிசைகள். நடுவில் இன்னொரு கூட்டம் இருந்தது. பாதிரியார், வக்கீல், டாக்டர். பெரிய நிலபுலன் கிடையாது, படிப்பை வைத்துத்தான் பிழைப்பு. அப்படி ஒரு டாக்டர் குடும்பத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

திரையில் இந்த வரைபடத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, டெவன். டார்ட்மூர் மேட்டு நிலத்துக்கு வடக்கே சின்னதாக ஒரு புள்ளி தெரிகிறதா? அதுதான் நார்த் டாட்டன். அன்றைக்கு அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் சாமுவேல் பட். அவருடைய மகன்களில் ஆறு பேராவது டாக்டர் ஆனார்கள். ஒரே வீட்டில்!

அப்பா டாக்டர் என்றால் பிள்ளையும் டாக்டர் என்பதற்கு அந்தக் காலத்தில் ஒரு காசுக் கணக்கும் உண்டு. 1815-இல் வந்த ஒரு சட்டப்படி, மருந்து கொடுத்துத் தொழில் செய்ய வேண்டுமானால் யாரிடமாவது ஐந்து வருடம் தொழில் பழகியிருக்க வேண்டும். பையனை இன்னொரு டாக்டர் வீட்டில் விட்டால் சாப்பாடு, தங்குமிடம், கற்றுத்தருவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். அப்பாவே டாக்டராக இருந்தால் அந்தச் செலவு மிச்சம். வீட்டின் ஒரு அறைதான் மருந்தறை, பையன்கள் குப்பிகளுக்கு நடுவிலேயே வளர்வார்கள். வருமானமும் ஒழுங்காக வராது. பல கிராமத்து டாக்டர்கள் நோயாளியின் பெயரில் பற்று எழுதிவைத்து வருடக் கடைசியில்தான் பில் அனுப்புவார்கள். அதில் எத்தனை வசூலாகும் என்பது வேறு கதை.

பிள்ளைகளில் ஜார்ஜ் 1808-இல் பிறந்தவர். 1831-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் மூன்றாவது இடம். அதற்கப்புறம் மருத்துவத்துக்கு வந்து லண்டன் கிங்ஸ் காலேஜில் பேராசிரியர் ஆனார். கல்லீரல் டாக்டர்கள் இன்றைக்கும் 'பட் கியாரி' என்று ஒரு நோயைச் சொல்கிறார்களே, அந்த பட் இவர்தான். சரி, ஜார்ஜை இத்தோடு விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தவர் தம்பி வில்லியம்.

வில்லியம் 1811-இல் பிறந்தார். 1838-இல் எடின்பரோவில் பட்டம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்து வைத்தியம் பார்த்தார். மறு வருடம், 1839 ஜூலை 11-ஆம் தேதி, நெருக்கடியான ஒரு ஏழை வீட்டில் ஒருவருக்கு டைபாய்டு வந்தது. நவம்பர் பிறப்பதற்குள் வில்லியம் கையால் மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்ட நோயாளிகள் எண்பதுக்கும் மேல். ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊரில் எண்பது!

அன்றைய பெரிய டாக்டர்கள் நம்பியது என்னவென்றால், நாற்றம்தான் நோய். சாக்கடையும் குப்பையும் அழுகினால் காய்ச்சல் தானாகவே பிறக்கும் என்றார்கள். வில்லியம் தன் ஊரைப் பார்த்தார். சாக்கடை வசதி என்று எதுவும் கிடையாது. வீட்டுக்கு வீடு பன்றிக் கொட்டில், எருக்குழி, திறந்த கழிப்பிடம். நாற்றத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அவர் விசாரித்த வரையில், அதற்கு முந்தைய பதினைந்து வருடங்களில் அங்கே பெரிய அளவில் டைபாய்டு வந்ததே இல்லை. கடைசிப் பத்து வருடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வந்திருந்தது. அத்தனை வருட நாற்றம் செய்யாததை இந்த ஒரு கோடைக்காலம் செய்தது எப்படி? வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு.

இதை லண்டனில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். லண்டனில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் நேற்று யாரோடு இருந்தார், எந்தக் கழிப்பிடத்துக்குப் போனார் என்று யாருக்குத் தெரியும்? இங்கே வில்லியம் பிறந்து வளர்ந்த ஊர். ஒவ்வொருவரையும் அவருக்கு நேரடியாகத் தெரியும் என்று அவரே எழுதுகிறார். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கிட்டத்தட்ட எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள், வேறு டாக்டரிடம் போகிற வாய்ப்பே குறைவு. ஒரே குடும்பம் தலைமுறையாக வைத்தியம் பார்த்த ஊர் என்பதால் கிடைத்த வசதி இது.

மரம் அறுக்கும் தொழிலாளிகள் இரண்டு பேர் கதையைக் கேளுங்கள். நார்த் டாட்டனுக்கு வேலைக்கு வந்து, காய்ச்சல் தொற்றிக்கொண்டதும் மோர்ச்சர்ட் என்ற சொந்த ஊருக்குத் திரும்பிப் போனார்கள். முதல் ஆள் படுத்த படுக்கையாகி இறந்துபோனார். கொஞ்ச நாளில் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல். இரண்டாவது ஆளைப் பார்க்க ஒரு நண்பர் வந்திருக்கிறார். படுக்கையில் தூக்கி உட்கார வைக்கக் கைகொடுத்தபோது அந்த வாடை அவருக்குத் தாங்கவில்லை. பத்தாவது நாள் அவரும் படுத்தார். அப்புறம் அவருடைய இரண்டு பிள்ளைகள், ஒரு சகோதரர். பாருங்கள், காற்றில் பரவியிருந்தால் ஊரே விழுந்திருக்கும். இங்கே நோய் ஒவ்வொரு ஆளாகக் கைமாறிப் போகிறது.

வில்லியம் கண்டுகொண்ட வழி இதுதான்: விஷம் நோயாளியின் குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ அடுத்தவர் வாய்க்குப் போகிறது. அப்படியானால் மருந்தும் அங்கேதான். நோயாளியின் மலப் பாத்திரத்திலேயே பிளீச்சிங் பவுடர் போன்ற கிருமிநாசினியைக் கொட்டு, துணியைக் கொதிக்கவை, கையைக் கழுவு. கிருமி என்ற ஒன்றை நோயோடு சேர்த்து யாரும் நிரூபிக்காத காலத்தில் சொல்லியிருக்கிறார்!

1840-களின் தொடக்கத்தில் அவர் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தார். 1849 காலராவில் அங்கே கிட்டத்தட்ட 2,000 பேர் செத்தார்கள். 1866-இல் காலரா திரும்பி வந்தபோது அவருடைய கிருமிநாசினி முறையை நகரமே கையில் எடுத்தது. இறந்தவர்கள் 29 பேர். லண்டனில் அதே வருடம் காலரா ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது.

இவ்வளவையும் சேர்த்து அவர் புத்தகமாகப் போட்டது 1873-இல்தான். நார்த் டாட்டன் காய்ச்சல் முடிந்து முப்பது வருடத்துக்கும் மேல்! அதற்குள் எதிர்த்தரப்பு, காய்ச்சல் அழுகலிலிருந்து பிறக்கிறது என்று தனிக் கொள்கையே கட்டி நிறுத்திவிட்டது. வில்லியம் 1880 ஜனவரியில் இறந்தார். ஜெர்மானியரான எபெர்த் டைபாய்டு கிருமியைப் பார்த்துச் சொன்னதும் 1880-இல்தான்.

பிரிஸ்டல் கதையை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், அடுத்த வீடியோவில் அதையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் குடும்பத்தில் தலைமுறையாக ஒரே தொழில் பார்த்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன். வரட்டுமா?