உரியவரைக் கேட்டுப் பகிர்வோம்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இணையத் திருட்டு என்றதும், புதிய திரைப்படம் வெளியான அன்றே கைத்தொலைபேசிக்கு வந்துவிடுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சென்னையில் எடுத்த படத்தைக் கிளிநொச்சியில் நாலு பேர் காசு கொடுக்காமல் பார்த்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்ற கேள்வியும் கூடவே எழும். அதற்கு விடை உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால், வன்னியில் ஒரு பொது நூலகத்தில் நூலகராக இருந்து நான் கண்டது வேறு. இணையத் திருட்டினால் பாதிக்கப்படுகிறவர்களில் பலர் எங்கள் ஊரவர்கள். பயிற்சிப் புத்தகம் எழுதித் தன் செலவில் அச்சிடும் ஆசிரியர், நண்பர்களிடம் கடன்பட்டுக் குறும்படம் எடுக்கும் இளைஞர், கூத்துப் பழக்கும் அண்ணாவியார், தன் வீட்டின் வறுமையை வேறொருவரின் கமராவுக்கு முன் சொல்ல நேர்ந்த தாய் ஆகிய இவர்களைப் பற்றியே இன்று அதிகம் பேச விரும்புகிறேன்.

வன்னியின் பெரும்பாலான கிராமங்களுக்குக் கைத்தொலைபேசிச் சேவை போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய பின்னரே ஒழுங்காகக் கிடைத்தது. வேறு இடங்களில் இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடந்த மாற்றம் எங்களிடம் ஒரு சில ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது. முதலில் சீடிக் கடைகள் இருந்தன. அடுத்து மெமரி காட்டில் பாட்டும் படமும் ஏற்றித் தரும் தொலைபேசிக் கடைகள் வந்தன. இப்போது ரெலிகிராம் குழுக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இதற்காக மக்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பதே என் கருத்து. முறைப்படி விலை கொடுத்து வாங்குவதற்கு வங்கி அட்டை வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? திருட்டுப் பிரதி எளிதாகவும் முறையான பிரதி எட்டாததாகவும் இருக்கும் இடத்தில் மனிதர் எளியதையே நாடுவர்.

ஆனாலும், அந்தத் திருட்டுத் தளங்கள் எங்கள் மீது இரக்கம் கொண்டு இலவசமாகப் படம் காட்டவில்லை என்பதை இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். அவற்றின் வருமானம் விளம்பரங்களிலிருந்து வருகிறது. அவ்விளம்பரங்களில் கணிசமானவை இணையச் சூதாட்டத்துக்கும், தொலைபேசிக்குள் தீநிரல்களை இறக்கும் பக்கங்களுக்கும் அழைத்துச் செல்பவை. படம் பார்க்கப் போன பிள்ளை பந்தயம் கட்டும் செயலிக்குப் போய்ச் சேருவது இந்த வழியால்தான். பதிப்புரிமை உடைத்த மென்பொருள்களும் அப்படிப்பட்டவையே. எங்கள் படப்பிடிப்பு நிலையங்களிலும் தட்டச்சு வேலை செய்யும் கடைகளிலும் அவை சாதாரணமாகப் புழங்குகின்றன. அவற்றை நிறுவும்போது வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லும்; நிறுத்தினால் கணினிக்குள் எது நுழைகிறது என்று எவருக்கும் தெரியாது. எழுத்து வேலைக்கான லிப்ரே ஒபிஸ், படம் திருத்துவதற்கான கிம்ப், வரைகலைக்கான இங்க்ஸ்கேப் போன்றவை முறைப்படியே இலவசமாகக் கிடைக்கும்போது, வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகள் கிடக்கும் கணினியில் ஆபத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை.

சமூக வலைத்தளங்களால் வன்னி பெற்ற நன்மையைக் குறைத்து மதிப்பிட நான் ஆயத்தமில்லை. இடப்பெயர்வில் குடும்பப் படங்களையெல்லாம் இழந்தவர்கள், கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் உறவினரின் அல்பங்களிலிருந்து தங்கள் தாய் தந்தையரின் முகங்களை வட்ஸ்அப் வழியாகத் திரும்பப் பெற்றார்கள். 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் குறிப்புகளை அனுப்பியதும் அதே வழியால்தான். முல்லைத்தீவுக் கருவாட்டையும் பனம் பொருட்களையும் தைத்த உடுப்புகளையும் முகநூலில் காட்டி விற்றுப் பிழைக்கும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் இருக்கின்றன. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் மூழ்கியபோது, எந்த வீதியில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பாடசாலையில் மக்கள் தங்கியிருக்கிறார்கள் என்ற செய்திகள் கையிலிருந்து கைக்குப் பரவின.

அதே வலையமைப்பு ஒவ்வொரு மாரியிலும் வதந்தியையும் சுமக்கிறது. "குளக்கட்டு உடைஞ்சிட்டுது, உடன வெளிக்கிடுங்கோ" என்று பதறும் ஒரு குரற்பதிவு வரும். பேசுபவர் யார், எந்தக் குளம், எந்த நாள் என்று எதுவும் அதில் இராது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் காலத்தில், அதன் கீழ்ப்புறமாகப் பன்னங்கண்டியிலும் கண்டாவளையிலும் இருப்பவர்களுக்கு அந்தப் பதிவு என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரவோடிரவாகப் பிள்ளைகளையும் மாடு கன்றையும் கொண்டு ஓடுவார்கள். பொய் என்று தெரிந்தபின் நடப்பதுதான் அதைவிடப் பாரதூரமானது: அடுத்த முறை நீர்ப்பாசனத் திணைக்களமே உண்மையான எச்சரிக்கையை விடுத்தாலும் அவர்கள் அசையத் தயங்குவார்கள். பலமுறை கைமாறிய செய்திகளை ஒரே நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று வட்ஸ்அப் 2020 இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது இதற்காகவே. அப்படிக் கைமாறிய செய்திகளின் மேல் வட்ஸ்அப் இடும் இரட்டை அம்புக்குறியைக் கண்டால், அனுப்பியவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் செய்தி அவருடையதல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுப்புப் பேச்சைப் பற்றி அதிகம் விரிக்கப் போவதில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. அரசும் 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் சமூக வலைத்தளங்களைத் தற்காலிகமாக முடக்கியது. தீ வைத்தவனைப் பிடிப்பதற்குப் பதிலாக எல்லோரையும் பேசாமலிருக்கச் செய்யும் அந்த வழி எனக்கு உடன்பாடானதல்ல. வெளிநாட்டிலிருக்கும் மகனின் அழைப்பை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு தாயும் அதனால் தண்டிக்கப்படுகிறாள்.

இனி, நூலகத்துக்கு நெருக்கமான விடயத்துக்கு வருகிறேன். உயர்தர மாணவர்களுக்காக ஓர் ஆசிரியர் பல மாதங்கள் இரவிரவாக இருந்து ஒரு பயிற்சி நூலை எழுதுகிறார். நகையை அடைவு வைத்து அச்சிடுகிறார். நூல் கடைக்கு வந்த கிழமையே யாரோ ஒருவர் அதன் பக்கங்களைத் தொலைபேசியால் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, மாணவர் குழுவில் போட்டுவிடுகிறார். அதைப் போட்ட பிள்ளை தான் திருடியதாக நினைப்பதில்லை. வாங்க வசதியில்லாத நண்பர்களுக்கு உதவியதாகவே நினைக்கிறது. அந்த நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அச்சகக் கடன் அடையாத அந்த ஆசிரியர் அடுத்த நூலை எழுதமாட்டார். அப்போது அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்கவும் நூல் இல்லை, படமெடுக்கவும் நூல் இல்லை.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே ஒரு நியாயமான கோட்டைப் போட்டிருக்கிறது. கற்பதற்கும் கற்பிப்பதற்கும் ஆய்வுக்கும் நூலின் ஒரு பகுதியை நியாயமான அளவில் படியெடுக்கலாம். முழு நூலையும் படியெடுத்துப் பரப்பக் கூடாது. ஆசிரியர் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்து எழுபது ஆண்டுகள் வரைக்கும் உரிமை அவருக்கும் அவரது வாரிசுகளுக்கும் உரியது. தெரிந்துகொண்டே மீறினால் ஆறு மாதம் வரையான சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரையான தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வாங்க முடியாத பிள்ளைக்கு வழி காட்டுவது எங்கள் கடமை: அந்த நூலில் இரண்டு மூன்று பிரதிகளை வாங்கி வைக்கும்படி உங்கள் பிரதேச சபை நூலகத்தையும் பாடசாலை நூலகத்தையும் கேளுங்கள். ஆசிரியருக்கும் காசு போகும், பிள்ளையும் படிக்கும்.

படியெடுப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. ஈழத்தமிழர் எவரும் அப்படிச் சொல்ல முடியாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. மறுபிரதி இல்லாதவை என்றென்றைக்குமாகப் போய்விட்டன. வன்னியின் வீட்டு நூலகங்களும் பாடசாலை நூலகங்களும் பின்னாளில் போரில் அழிந்தன. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக்கணக்கில் வருடி இணையத்தில் எவரும் படிக்க வைத்திருக்கிறது. அங்கும் நடப்பது படியெடுப்புத்தான். ஆனால் எழுத்தாளரிடமோ அவரது குடும்பத்திடமோ அனுமதி கேட்டு, பெயரையும் ஆண்டையும் பதிந்து செய்யப்படுகிறது. திருட்டுக்கும் பாதுகாப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த அனுமதியில் இருக்கிறது.

முல்லைத்தீவின் கோவலன் கூத்தை எடுத்துக்கொள்வோம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வரும் கூத்து அது. மேடையேற்றத்தின்போது பத்துப் பேர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருப்பார்கள். மறுநாள் அது யூரியூப்பில் ஏறிவிடும். விளம்பர வருமானம் ஏற்றியவருக்குப் போகும். அண்ணாவியாரின் பெயரோ, மத்தளம் அடித்தவரின் பெயரோ, ஊரின் பெயரோ கீழே இராது. நாட்டார் கலை எல்லோருக்கும் பொதுவானதுதானே என்று கேட்பார்கள். அதே 2003 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கெனத் தனிப் பாதுகாப்பை வைத்திருக்கிறது: வணிக நோக்கத்துக்காகவோ, மரபான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பயன்படுத்துவதற்கு அனுமதி வேண்டும். இந்தப் பிரிவு இருப்பதே எங்கள் கலை மன்றங்களில் பலவற்றுக்குத் தெரியாது. கூத்தை ஒளிப்பதிவு செய்ய வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பதிவு செய்யாமல் விட்டதால் பாடல்களோடு சேர்ந்து மறைந்துபோன அண்ணாவிமார் எத்தனையோ பேர். மன்றமே தன் பெயரில் ஒரு தளத்தைத் திறந்து, நல்ல ஒலியோடு, ஆடுவோர் பெயர்களோடு முதலில் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அப்போது பிறர் எடுத்துப் போட்டாலும் மூலம் எது என்று காட்ட முடியும். நீக்கும்படி தளத்திடம் முறையிடவும் முடியும். பதிப்புரிமை முறைப்பாடுகள் மூன்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் யூரியூப் அந்த அலைவரிசையையே மூடிவிடக்கூடும் என்பதால் இத்தகைய முறைப்பாட்டை எவரும் இலகுவாகத் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

அடுத்தது, என் மனதை மிகவும் வருத்துகின்ற விடயம். வறிய குடும்பங்களின் வீடுகளுக்குக் கமராவோடு சென்று, அவர்களின் நிலையைக் காணொளியாக்கி, புலம்பெயர் உறவுகளிடம் உதவி திரட்டும் முயற்சிகள் வன்னியில் பெருகியிருக்கின்றன. அவற்றால் கிணறு கிடைத்தவர்களும் மலசலகூடம் கிடைத்தவர்களும் சைக்கிள் கிடைத்த பிள்ளைகளும் உண்டு. உதவிய மனங்களை நான் வணங்குகிறேன். ஆயினும் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை நூலகத்துக்கு வந்து, மேசையருகில் ஆளில்லாத நேரம் பார்த்து என்னிடம் கேட்டது: "மிஸ், அந்த வீடியோவில அம்மா அழுறா. கூரை போட்டாச்சுதானே, இனி அதை எடுக்கச் சொல்ல ஏலாதோ?"

கூரை வந்து நெடுநாளாகியும் அந்த அழுகை ஓடிக்கொண்டேயிருந்தது. வகுப்பில் அதைப் பார்த்துவிட்டுப் பேசிய பிள்ளைகளும் இருந்தார்கள். காணொளியில் இருப்பவரோ, பிள்ளையாயின் பெற்றோரோ தனியுரிமை முறைப்பாடு செய்ய யூரியூப்பில் ஒரு படிவம் இருக்கிறது. முறைப்பாடு கிடைத்தால், ஏற்றியவருக்குத் தானாகவே நீக்குவதற்குப் பொதுவாக 48 மணித்தியால அவகாசம் கொடுத்து, அதன் பின் தளம் பரிசீலிக்கும். தாயையும் அழைத்து அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பினோம். சில நாட்களில் காணொளி நீங்கியது. ஆனால், அதிலிருந்து வெட்டிய துண்டுகளை முன்பின் தெரியாத ஆட்கள் சோகப் பாட்டுச் சேர்த்து ரிக்ரொக்கில் போட்டிருந்தார்கள். அவை இன்னும் கிடக்கின்றன. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் திருட, அதை வேறொருவர் பகிர, ஒரு பிள்ளையின் வீட்டுத் துயரம் எவரெவருக்கோ வருமானமாகிறது. இணையத் திருட்டைப் பற்றிப் பேசும்போது திரைப்படத் தயாரிப்பாளரின் நட்டத்தோடு இதையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.

உதவி செய்கின்ற இளைஞர்களிடம் ஒன்றை மன்றாட்டமாகக் கேட்கிறேன். பிள்ளைகளின் முகத்தையும் பாடசாலைச் சீருடையையும் காட்டாதீர்கள். காணொளி எங்கெங்கே போகும், எவ்வளவு காலம் இருக்கும் என்பதைக் கமராவைத் திறக்கும் முன்பே சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்பவர்களுக்கும் அதே உதவியைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் காணொளியை நீக்கிவிட்டு, கணக்கை மட்டும் கொடையாளருக்கு அனுப்புங்கள். கொடுக்கும் உறவுகளும், அழுகையைக் காட்டினால்தான் நம்புவோம் என்ற எதிர்பார்ப்பைக் கைவிட்டு, கிராம அலுவலர் உறுதிப்படுத்திய கடிதத்தையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

படங்களோ காணொளிகளோ தவறாகப் பயன்படுத்தப்பட்டால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிட வேண்டாம். அழிப்பதற்கு முன் இணைப்பையும் திரைப்பதிவையும் சேமித்துக்கொள்ளுங்கள்; முறைப்பாட்டுக்கு அவைதான் சான்று. இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்பை 101 இலும், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 இலும், பெண்களுக்கான உதவிச் சேவையை 1938 இலும் அழைக்கலாம். படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்று தயங்குகிறவர்கள் அருகிலுள்ள பொது நூலகத்துக்குப் போங்கள். படிவம் நிரப்ப உதவுவது நூலகரின் வேலையல்ல என்று எவரும் சொன்னால், அது எங்கள் வேலைதான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.