பிராக் கடிகாரம் செய்தவரின் கண்ணைக் குருடாக்கினார்களா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "செக் நாட்டின் பிராக் நகரத்து வானியல் கடிகாரம் மாதிரி இன்னொன்று எந்த ஊருக்கும் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று, அதைச் செய்தவரின் கண்ணைக் குருடாக்கிவிட்டார்களாமே, உண்மையா?"

இல்லைங்க, வெறும் கதை. தாஜ்மகால் கட்டியவர்களின் கையை வெட்டினார்கள் என்று சொல்வார்களே, அதே ரகம். கதையில் கண்ணிழந்ததாக வருபவர் ஹனுஷ் என்ற கடிகாரக்காரர். ஆனால் கடிகாரம் 1410இலேயே வந்துவிட்டது. செய்தவர் கதான் ஊர்க்காரரான மிகுலாஷ். ஹனுஷ் அதில் கை வைத்தது சுமார் 80 வருஷம் கழித்து. 1410ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று 20ஆம் நூற்றாண்டில் கிடைத்த பிறகுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

அங்கே போகிறவர்கள் மணி அடித்ததும் மேலே ஜன்னலில் வரும் இயேசுவின் 12 அப்போஸ்தலர்களின் சிலைகளையே பார்ப்பார்கள். அது சட்டென்று முடிந்துவிடும். "இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. போதாததற்கு, அந்த மரச் சிலைகள் பழையவையும் இல்லை. 1945 மே மாதம் ஜெர்மன் படை சுட்டதில் பழையவை எரிந்துபோயின. என்னைக் கேட்டால், அந்த ஜன்னல்களுக்குச் சற்றுக் கீழே, மணி காட்டும் வானியல் வட்டத்தைப் பாருங்கள். அதன் வெளி வளையத்தில் 1 முதல் 24 வரை தங்க நிற எண்கள் இருக்கும். அது பழைய செக் நேரம். சூரியன் மறைந்ததிலிருந்து 24 மணி எண்ணுவார்கள். அஸ்தமன நேரம் மாறிக்கொண்டே இருக்கும் இல்லையா, அதற்கேற்ப அந்த வளையமும் வருஷம் பூராவும் முன்னும் பின்னும் மெல்ல நகரும்.

கொடுமை என்று கேட்டீர்களே, நிஜமாகவே நடந்த கொடுமைக்கு அடையாளம் அங்கேயே தரையில் இருக்கிறது. கடிகாரம் இருக்கும் கோபுரத்தின் கிழக்குப் பக்கம் திரும்பினால் கல் பாவிய தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள். ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பேரரசரை எதிர்த்து எழுந்த பொஹீமியர்கள், அதாவது இன்றைய செக் பகுதிக்காரர்கள், 1620இல் வெள்ளை மலைப் போரில் தோற்றார்கள். மறு வருஷம் ஜூன் 21 அன்று அவர்களின் தலைவர்கள் 27 பேரைக் கோபுரத்தை ஒட்டிய இந்தச் சதுக்கத்தில் கொன்றார்கள். 24 பேருக்குத் தலை போனது, மூன்று பேருக்குத் தூக்கு. தலை போனவர்களில் ஒருவர் யெசெனியுஸ், பல்கலைக்கழகத்துக்கே தலைவராக இருந்த மருத்துவர். பிராகில் எல்லார் முன்னாலும் பிணத்தை அறுத்து உடற்கூறு காட்டியவர். அவருக்கு முதலில் நாக்கை அறுத்து, அப்புறம்தான் தலையை வெட்டினார்கள்.

வெட்டிய தலைகளில் 12ஐ, அதே ஊரில் இருக்கும் சார்லஸ் பாலத்தின் பழைய நகரப் பக்கக் கோபுரத்தில் பத்து வருஷம் தொங்கவிட்டிருந்தார்கள். பாலத்துக்கு அந்தக் கோபுரத்தின் அடியில் புகுந்துதான் போவீர்கள். மேலே ஏற டிக்கெட் தனி.