பாக்கஸ் ஆட்டமும் நம்ம ஊர் ஹாலும்

தலைவர் அய்யாவுக்கும், வார்டு வேலைய விட்டுட்டு வந்த கவுன்சிலர் அக்காவுக்கும், பொன்னாடை போர்த்துன செயலாளருக்கும், எனக்கு முன்னாடி பேசி பத்தே நிமிஷம் மிச்சம் வெச்ச புலவர் அய்யாவுக்கும் வணக்கம். மூணு விஷயம் சொல்றேன், ரஷ்ய பாலே ஆட்டக்காரி பாவ்லோவா ஆடுன பாக்கனேல்ங்கிற ஆட்டம், அதுக்கு மூலமான ரோமாபுரி சாமியாட்டம், அப்புறம் அதோட மியூசிக்.

1910-ல லண்டன் மேடையில அன்னா பாவ்லோவாவும் மார்ட்கினும் ஆடுனாங்க, ரஷ்ய இசையமைப்பாளர் கிளாசுனோவோட பாலே இசையில இலையுதிர்காலப் பகுதிக்கு. பாக்கஸ்னா திராட்சை மதுவுக்கு சாமி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு எங்க பாட்டி சொல்லும், ரோமாபுரியோட ஆட்சி மன்றமான செனட் கதையும் அதேதான்.

லிவின்னு ஒரு வரலாற்றுக்காரர் எழுதி வெச்சிருக்காரு. இந்த பாக்கஸ் பூஜையில முதல்ல பொம்பளைங்க மட்டும், வருஷத்துக்கு 3 நாள், அதுவும் பகல்ல. பின்னாடி ஆம்பளைங்களும் சேர்ந்து ராத்திரி பூஜை ஆயிடுச்சு. ஏபூட்டியஸ்னு அப்பா இல்லாத பையன், அவன் சொத்த அம்மாவோட ரெண்டாவது புருஷன் தின்னு தீர்த்துட்டாரு, கணக்கு கேப்பானேன்னு பயந்து, பையனக் கெடுத்துடலாம்னு அம்மாவே 'வாடா பாக்கஸ் பூஜைக்கு'ங்குது. அவன் காதலி ஹிஸ்பலா, 'அய்யோ போயிடாத'ன்னு அலறுறா. போகமாட்டேன்னதும் வீட்ட விட்டே தொரத்திட்டாங்க, இவன் அத்தை வீட்டுக்கு ஓடுறான், அத்தை 'நேரா கான்சல்கிட்ட போ'ங்குது, கான்சல்னா ரோமாபுரியோட பெரிய அதிகாரி. கான்சல் தன் மாமியார் வீட்டுக்கு ஹிஸ்பலாவ வரச் சொல்றாரு, வாசல்ல காவலாளுங்கள பாத்ததுமே அவளுக்கு பாதி உயிர் போயிடுச்சு! மாமியார் பக்கத்துல உக்காந்து தைரியம் சொல்லித்தான் எல்லாத்தையும் கக்க வெச்சாங்க. (எந்த ஊரா இருந்தா என்ன, மாமியார் இல்லாம விசாரணை இல்ல.)

கி.மு. 186-ல அந்த பூஜைய அடக்க செனட் உத்தரவு போட்டுச்சு. 7000 பேருக்கு மேல சம்பந்தப்பட்டாங்களாம். அதுக்கப்புறம் பூஜை பண்ணணும்னா அதிகாரிகிட்ட போகணும், 100 பேருக்குக் குறையாம செனட் கூடி அனுமதி தரணும், தந்தாலும் 2 ஆம்பளை 3 பொம்பளைக்கு மேல கூடாது. அந்த உத்தரவ பொறிச்ச வெண்கலத் தகடு இப்பவும் வியன்னா மியூசியத்துல இருக்கு.

இதப் படிச்சப்ப எனக்கு நம்ம ஊர் ஹால்தான் ஞாபகம் வந்துச்சு. பிள்ளைங்க பிராக்டிஸ் பண்ண மனு குடுத்து எட்டு மாசம் ஆச்சு, சலங்கை கட்டி ஆடுனா டைல்ஸ் உடையுமாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னா, இங்க ஆடத் தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு கூடமே பூட்டிக் கிடக்கு. அந்த பாவ்லோவாதான ருக்மிணி தேவிகிட்ட 'உங்க நாட்டு ஆட்டத்தப் பாருங்க'ன்னு சொன்னாங்க, அப்ப அவங்களுக்கு எத்தன கையெழுத்து தேவைப்பட்டுச்சு?

பெல் அடிச்சாச்சு, மியூசிக் பத்தி அடுத்த வருஷம். கவுன்சிலர் அக்கா, கெளம்பறதுக்கு முன்னாடி அந்த சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் மைக்ல சொல்லிட்டுப் போங்க.