ஆயிரம் மணி நேரம் பறந்தவர் டிரைக்ல ஏன் விழறார்? – நேயர் சந்தேகம்

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி ரெண்டு நாளா என்னைத் தூங்க விடல. பட்டர்வொர்த்திலருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். "அங்கிள், என் மச்சான் அல்ட்ராலைட் கத்துக்கப் போறேங்கறான். பெரிய விமானம் ஓட்டினவங்களே அதுல கன்ட்ரோல் பிடிபடாம விழுந்து செத்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கு அந்தப் பட்டம் மாதிரி சாமான் ஒரு விஷயமா?"

தம்பி, அந்த ஆயிரம் மணி நேரம்தான் விஷயமே.

நீங்க சொல்றது டிரைக், அல்ட்ராலைட்ங்கற ரொம்ப லேசான விமானத்துல ஒரு வகை. மேல முக்கோணமா துணி இறக்கை, அடியில மூணு சக்கர வண்டி தொங்கும், முதுகுக்குப் பின்னாடி இஞ்சின். ஸ்டிக் கிடையாது, முன்னாடி குறுக்க ஒரு கம்பி, அவ்வளவுதான். விமானத்துல ஸ்டிக்கை நெஞ்சுப் பக்கம் இழுத்தா மூக்கு மேல போகும். டிரைக்ல கம்பியை இழுத்தா கீழ போகும். ஏன்னா இழுக்கறப்ப உங்க எடை இறக்கைக்குக் கீழ முன்பக்கமா நகருது. வலப்பக்கம் திரும்பணுமா, கம்பியை இடப்பக்கம் தள்ளணும். தரையில ஓடறப்பவும் அதே கூத்து, வலது காலை அழுத்தினா வண்டி இடது பக்கம் போகும்.

இதெல்லாம் அரை மணி நேரத்துல புரிஞ்சிடும். ஆனா இறங்கறப்ப தரை சட்டுனு கிட்ட வந்தா? பழைய பைலட்டோட கை மூக்கைத் தூக்கணும்னு இழுக்கும். டிரைக் நேரா தரையில குத்தும். ஏறும்போது இஞ்சின் நின்னா, மூக்கை இறக்கணும்னு கை தள்ளும். மூக்கு இன்னும் மேல போய், வேகம் செத்து, இறக்கை தாங்காம விட்டுடும். பயம் வந்தா கை புத்தியைக் கேக்காது, பழகினதைத்தான் செய்யும். எப்பவும் சொல்றதுதான். சிக்னல் போடப் போய் வைப்பர் ஆடின கதையைப் பழைய ஆளுங்க கேட்டு அலுத்திருப்பீங்க, வேற சொல்றேன்.

நான் பிறையில வேலை செஞ்சப்ப இஎக்ஸ்5 வெச்சிருந்தேன், கப்சாய்னு சொல்ற சின்ன மோட்டார்சைக்கிள். எல்லா கியரும் முன்னாடி மிதிச்சாப் போதும். அண்ணன் மகன் வெச்சிருந்தது ஆர்எக்ஸ்ஸெட். முதல் கியர் கீழ, மத்ததெல்லாம் காலால மேல தூக்கணும். எனக்கு நல்லாத் தெரியும் லா. ஒருநாள் ஜூரு கிட்ட அதுல மூணாவது கியர்ல போறேன், பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சான். அவசரத்துல நாலாவதுக்குன்னு மிதிச்சேன், ரெண்டாவது விழுந்துச்சு. பின்சக்கரம் பூட்டி மோட்டார் பாம்பு மாதிரி நெளியுது. ஹெல்மெட்டுக்குள்ள நான் கத்தினது எனக்கே கேட்டுச்சு.

சரி, நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. கன்ட்ரோல் சரியில்லன்னு முன்கூட்டியே தெரிஞ்சவர் ஏன் ஏறினார்?

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், 1997 அக்டோபர் 12, கலிபோர்னியாவுல மான்டெரே பக்கம் கடல்ல விழுந்து செத்தார். அது டிரைக் இல்ல, லாங்-ஈஸின்னு வீட்டுலயே கட்டற சின்ன விமானம். முந்தின நாள்தான் கைக்கு வந்தது. மனுஷன் 2,700 மணி நேரத்துக்கு மேல பறந்தவர். ஒரு பெட்ரோல் டேங்க்லருந்து இன்னொண்ணுக்கு மாத்தற பிடி, பர்ட் ரூட்டான் வரைஞ்ச டிசைன்ல பைலட்டோட ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கும். இதைக் கட்டினவர் பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு, நல்ல எண்ணத்துலதான், இடது தோளுக்குப் பின்னாடி கொண்டு போய் வெச்சுட்டார். உடம்பைத் திருப்பி எட்டணும். அப்படித் திரும்பினா வலது கால் தானா ரட்டரை, அதாவது விமானத்தைப் பக்கவாட்டுல திருப்பற பெடலை, மிதிக்குதுன்னு விசாரணை பண்ணவங்க உக்காந்து பார்த்துக் கண்டுபிடிச்சாங்க.

பிடி எட்டலங்கறது அவருக்கே தெரியும். டெக்னிசியனோட சேந்து ஒரு கிரிப் பிளையரை மாட்டி நீட்டிப் பார்த்திருக்கார், சரிவரல. ஆட்டோபைலட்டைப் போட்டுட்டுத் திரும்பிக்கறேன்னார். பெட்ரோல் ஊத்தவான்னு கேட்டதுக்கும், ஒரு மணி நேரம்தான் பறப்பேன், வேணாம்னுட்டார்.

எனக்கு அந்தப் பிளையர்தான் உறுத்துது. சோக் பிடி உடைஞ்ச மோட்டாருக்கு நானும் பிளையரைக் கவ்வ வெச்சு, "நாளைக்கு வாங்கண்ணே, மாத்திடலாம்"னு அனுப்பியிருக்கேன். அதுல பலர் திரும்பி வந்ததே இல்ல, அப்படியே ஓட்டிட்டிருந்தாங்க. ரோட்டுல நின்னா ஓரமாத் தள்ளிக்கலாம்.

தம்பி, உங்க மச்சான் கம்ப்யூட்டர்ல விமான கேம் ஆடுவாரா? ஸ்டிக் வெச்சு ஆடறவர்னா எத்தனை வருஷமான்னு கேட்டு எழுதுங்க. அடுத்து, சுங்கை பட்டாணியிலருந்து ஒரு அக்கா…