கள்ளியங்காட்டு நீலியை ஆச்சியோடு உட்கார்ந்து பார்த்தேன்

மக்களே, வணக்கம். நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், பார்வதிபுரம் தாண்டியதும் நடத்துநர் எந்தப் பெயரைக் கூவுவார்? கள்ளியங்காடு. அந்த வழியில் போய் வராத ஆள் நம் பக்கத்தில் இருக்க முடியாது. 2025 ஓணத்துக்கு வந்து உலகம் முழுக்க 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த 'லோகா' என்ற மலையாளப் படத்தின் நாயகி யார்? கள்ளியங்காட்டு நீலி. போன வாரம் என் தோழி ஒருத்தி சொல்கிறாள்: "அது கேரளத்துப் பேய்க்கதைதானே, உனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்?" சொன்னவளுடைய வீடு எங்கே தெரியுமா? சுங்கான்கடை! கள்ளியங்காட்டுக்கு அடுத்த ஊர்! எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. இந்த வீடியோவே அதற்காகத்தான்.

அதனால் சனிக்கிழமை நேராக ஆச்சி வீட்டுக்குப் போனேன். என் வீடியோக்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஆச்சியைத் தெரியும், மரச்சீனிக் கிழங்கு வீடியோவில் வந்தாளே, அவள்தான். வயது 82. 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் படித்தவள், ஆகவே படத்துக்கு டப்பிங்கும் வேண்டாம், கீழே எழுத்தும் வேண்டாம். இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைத்தால் விடிய விடிய உட்கார்ந்து கேட்டவள். நீலி கதையைப் பற்றிக் கேட்க அவளைவிட வேறு யாரும் எனக்கு வேண்டாம்.

படத்துக்கு முன்னால் கேபிள் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆச்சி வீட்டுத் தொலைக்காட்சி பழையது, இணையம் கிடையாது. என் மடிக்கணினியிலிருந்து இணைக்க ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். வடசேரியில் முதல் கடையில் 650 ரூபாய் சொன்னார்கள். ஒன்றரை மீட்டர் கேபிளுக்கு 650 ரூபாய்! "பொன் முலாம் பூசியது, படம் தெளிவாக இருக்கும்" என்றார் அந்த அண்ணன். மக்களே, அதில் போவது எண்வடிவ, அதாவது டிஜிட்டல் சமிக்ஞை. இந்தச் சிறிய நீளத்துக்கு ஒழுங்காகச் செய்த எந்தக் கேபிளும் அதே படத்தைத்தான் காட்டும். பொன்னைப் பூசினால் நிறம் கூடாது. இதைப் பொறுமையாக அவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டாவது கடையில் 480. மூன்றாவது கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் செல்பேசி உறைகளுக்கு அடியில், உறை கிழிந்த ஒரு கேபிள் கிடந்தது. 180 ரூபாய். கடைக்காரரே தன்னுடைய தொலைக்காட்சியில் மாட்டிக் காட்டினார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம், முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் கிடைத்தபோதுகூட இருந்ததில்லை.

ஆனால் ஆச்சி வீட்டில் மாட்டியபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், மறுபடியும் கழற்றி மாட்டினேன். ஆச்சி பின்னாலிருந்து, "விலை குறைவு பார்த்து வாங்கினால் இப்படித்தான் மக்கா" என்கிறாள். கடைசியில் பார்த்தால் மடிக்கணினியில் ஒலி வெளியேறும் இடத்தை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கேபிளில் ஒரு குறையும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், 180 ரூபாய்க் கேபிளில் ஒரு குறையும் இல்லை.

சரி, படம். நான் திரையரங்கிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டேன், உங்களுக்குத் தெரியும். டோமினிக் அருண் இயக்கம். கல்யாணி பிரியதர்ஷன்தான் சந்திரா. பெங்களூரில் இரவு வேலைக்குப் போகிற, வெயிலுக்கு ஒதுங்குகிற, அதிகம் பேசாத பெண். எதிர்வீட்டுப் பையனாக நஸ்லென். அவள் யார் என்று அவனுக்குப் புரியும்போதுதான் நீலி என்ற பெயரே நமக்கு வருகிறது. எனக்குப் பிடித்தது, அவளை அழகாகக் காட்ட வேண்டும் என்று படம் துடிக்கவே இல்லை. வெள்ளைப் புடவை, அவிழ்ந்த கூந்தல், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற யட்சி, இதையே பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப் போயிருந்தது. இவள் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகில் பையோடு நடந்து போகிறாள். அந்த நடை போதும். நிமிஷ் ரவியின் ஒளிப்பதிவில் இரவு முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கனன்றுகொண்டே இருக்கிறது. ஜேக்ஸ் பிஜோயின் இசை இரண்டு இடங்களில் எனக்கு மயிர்க்கூச்செறிய வைத்தது.

வில்லனாக வருகிறவர் நம் நடன இயக்குநர் சாண்டி. பெண்களைக் கண்டாலே வெறுக்கிற காவல்துறை அதிகாரி நாச்சியப்பா. அடிதடியைவிட, ஒரு பெண்ணிடம் பேசும்போது அவர் நிற்கிற நிலைதான் பயமுறுத்துகிறது. "இவன் முழியே சரியில்லை" என்று ஆச்சி முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டாள். ஆச்சியிடம் அவர் நடன ஆசிரியர் என்றேன். நம்ப மறுத்துவிட்டாள்.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதியில் அடுத்த படத்துக்கான விதைகளைத் தூவிக்கொண்டே போகிறார்கள். டொவினோ வருகிறார், துல்கர் வருகிறார், திரையரங்கில் விசில் பறந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரமெல்லாம் நீலியிடமிருந்து எடுத்த நேரம். அவளுடைய கதையை இன்னும் இருபது நிமிடம் கேட்க நான் தயாராக இருந்தேன்.

இனி ஆச்சி சொன்னது. இடைவேளை விட்டோம், வீட்டில்தான், ஏத்தன்பழம் வேகவைத்து எடுத்து வருவதற்காக. அப்போது ஆச்சி கேட்டாள்: "கள்ளிக் கொப்பு எங்கே?"

நான் முழித்தேன். ஆச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். நீலி கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தைய பிறவியில் ஒரு பெண், தன்னை நேசிப்பதாக நம்பியவனின் மடியில் தலைவைத்துக் காட்டில் உறங்குகிறாள். அவன் மணலைக் குவித்து அவள் தலையை அதன்மேல் மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, கல்லைப் போட்டுக் கொன்று நகைகளை எடுத்துக்கொண்டு போகிறான். பார்த்த சாட்சி அங்கே நின்ற கள்ளிச்செடி மட்டும்தான். மறுபிறவியில் அவள் நீலி, அவன் ஒரு வணிகச் செட்டி. அவனைத் தொடர்ந்து வருகிறவள், வழியில் நின்ற கள்ளியில் ஒரு கொப்பை ஒடித்து அதைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார்" என்று அழுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து "அப்பா" என்கிறது. எந்தச் செடி சாட்சியாக நின்றதோ, அதே செடி குழந்தையாகிச் சாட்சி சொல்கிறது! இதைச் சொல்லும்போது ஆச்சி தன் இடது கையை வளைத்து இடுப்பில் ஒரு குழந்தை இருப்பதுபோல வைத்துக்கொண்டாள். கதை முடிகிறவரைக்கும் அந்தக் கை இறங்கவே இல்லை. கேமராவை எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், எடுத்தால் கதை நின்றுவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெரியவர்கள்தான் பழையனூர் வேளாளர் எழுபது பேர். "உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று செட்டிக்கு உறுதி சொல்லி, அவன் காவலுக்கு வைத்திருந்த கத்தியையும் வாங்கி வைத்துவிட்டு, இருவரையும் ஓர் அறையில் விடுகிறார்கள். காலையில் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீக்குளிக்கிறார்கள். நாம் தினமும் சொல்கிறோமே 'நீலிக்கண்ணீர்', அது அந்தச் சபையில் வடிந்த கண்ணீர்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், கோபித்துக்கொண்டு எழுதுவீர்கள். பழையனூர் இருப்பது வடக்கே, திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில். சம்பந்தர் தேவாரத்தின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே, ஆளை வஞ்சித்து உயிர்கொண்ட அந்த ஒருத்தி வந்துவிடுகிறாள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியின் நாயகியும் பழையனூர் நீலிதான். ஆகவே நீலி நமக்கு மட்டும் சொந்தம் என்று நான் சண்டைக்கு வரவில்லை. அந்தக் கதை தெற்கே வந்து, நம் கள்ளிக்காட்டில் வேர் பிடித்து, வில்லுப்பாட்டில் ஏறி, இசக்கியாகிக் கோயிலில் உட்கார்ந்திருக்கிறது. முப்பந்தலில் அவள் முன்னால் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் போகிற ஓட்டுநர் எத்தனை பேர்? பிள்ளை வரம் கேட்டு அங்கே தொட்டில் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? இயக்கி என்ற சொல்தான் இசக்கி ஆனது. சிதறால் மலையில் சமணர்களின் அம்பிகா இயக்கியும் பிள்ளைகளோடுதான் நிற்கிறாள். நம் மண்ணில் பயமுறுத்துகிறவளின் இடுப்பில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கிறது. ஆச்சி கேட்ட கேள்வி அதுதான். 'லோகா'வின் நீலி ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த சிறுமி, அரசனின் கொடுமைக்குத் தப்பி ஓடுகிறவள். அது வலுவான மாற்றம், எனக்குப் பிடித்திருந்தது. கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் ஆணி அடித்து நீலியை அடக்கினார் என்பது கேரளத்துப் பழங்கதை. படத்தில் அவரே அவளுக்குத் துணையாக நிற்கிறார். இதைக் கேட்டதும் ஆச்சி, "அது நல்லது, ஆணியை யார் கேட்டது" என்றாள். ஆனாலும் கள்ளிக் கொப்பு இல்லையே என்ற குறை அவளுக்குப் போகவில்லை. இப்போது எனக்கும் போகவில்லை.

கணினி வரைகலை இவ்வளவு வளர்ந்த காலத்தில், பால் வடிகிற ஒரு கொப்பு குழந்தையாகி இடுப்பில் ஏறுகிற காட்சியை யோசித்துப் பாருங்கள். தமிழில் யாராவது எடுங்கள். தயவுசெய்து, நம் ஊர் வில்லும் குடமும் உடுக்கும் கேட்கிற மாதிரி எடுங்கள்.

திரையரங்கில் பார்த்த அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அப்போது போட்ட வீடியோவில் விட்டுப்போனது. எந்தத் திரையரங்கு என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். இருட்டுக் குகைக் காட்சி ஓடுகிறது, வலப்பக்கக் கதவின் திரைச்சீலை விலகி வெளிச்சம் நேராகத் திரையில் விழுகிறது. எழுந்து போய் இழுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஆள் போகும்போது மறுபடியும் விலகுகிறது. நான்கு தடவை எழுந்தேன். இரவையே கதையாக எடுத்த படத்துக்கு இருட்டைக்கூடத் தர முடியாதா?

யட்சி என்று பேச்சு வந்ததால் இன்னும் இரண்டு படங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆச்சியே கேட்டு 'மணிச்சித்திரத்தாழ்' பார்த்தோம். 1993இல் வந்தது, 2024 ஆகஸ்டில் புதுப்பித்து மறுபடியும் திரைக்கு வந்தபோது நான் துள்ளியதை நீங்கள் பார்த்தீர்கள். அதில் நம் பத்மநாபபுரம் அரண்மனை வருகிறதே, அதற்காகவே எத்தனை தடவையும் பார்க்கலாம். ஷோபனாவுக்குத் தேசிய விருது கொடுத்த படம். எல்லோரும் அந்த நடனத்தைச் சொல்வார்கள். எனக்கு அதற்கு முன்னால், கட்டிலைத் தூக்குகிற இடம். ஷோபனாவின் கங்கா போய், அவளுக்குள் இருக்கிற நாகவல்லி வருகிற அந்தக் கணத்தில் மலையாளம் நின்று தமிழ் பேச ஆரம்பிக்கிறாள். நாகவல்லி தஞ்சாவூர்க்காரி அல்லவா. கோபம் உச்சத்துக்கு ஏறும்போது தாய்மொழிதான் வரும் என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை. ஆச்சி அந்த இடத்தில் தலையைத் தடவிக்கொண்டு, "பாவம் பெண்" என்றாள். பேய் என்று சொல்லவே இல்லை.

'பிரமயுகம்' பற்றி ஏற்கெனவே ஒரு வீடியோ முழுக்கப் பேசிவிட்டேன், மறுபடியும் வேண்டாம். கறுப்பு வெள்ளையில் மம்மூட்டி சிரிக்கிற சிரிப்பு போதும். ஆச்சி பத்து நிமிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். காட்டில் யட்சி வருகிற இடத்தில் அல்ல, கஞ்சிக்கு வழியில்லாமல் இரண்டு பேர் காட்டில் அலைவதைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம்.

சரி மக்களே. உங்கள் ஊர் இசக்கியம்மன் கொடையில் இன்னும் நீலி கதையைப் பாடுகிறார்களா? பாடினால் எந்த மாதம், எந்தக் கிழமை, எந்தக் கோயில் என்று எழுதுங்கள். வருகிற கொடைக்கு ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உட்கார ஒரு நாற்காலி மட்டும் வேண்டும், அவளுக்கு இப்போது தரையில் உட்கார முடியாது. ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு வருகிறேன், விடிகிறவரைக்கும் இருப்போம். ஆம், அந்தக் கேபிள் வாங்கிய கடையை நிறையப் பேர் கேட்பீர்கள். வடசேரியில் பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில், செல்பேசி உறை தொங்குகிற சின்னக் கடை. இன்னும் இரண்டு கேபிள் கிடந்தது, உறைதான் கிழிந்திருக்கும்.